சாயமும் புகையும்: லைக்கன் வணிக வரலாற்றில் நிலக்கரியின் இடம்

பள்ளி ஆய்வகத்தில் நீல லிட்மஸ் தாளை எலுமிச்சைச் சாற்றில் நனைத்து, அது சிவப்பதைப் பார்த்து வியந்திருப்போம். அந்த நீலம் கடலோரப் பாறைகளில் வளரும் சாம்பல் நிற லைக்கனிலிருந்து எடுக்கப்பட்டது. ‘லிட்மஸ்’ என்ற சொல்லே பழைய நார்ஸ் மொழியில் ‘சாயப் பாசி’ என்று பொருள்படும் சொல்லோடு தொடர்புடையது. லைக்கனின் பொருளாதாரப் பயனையும் சூழலியல் பயனையும் தனித்தனித் தலைப்புகளில் எழுதுவதே நம் நூல்களின் வழக்கம். காலவரிசையில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே வரலாறாகவே எனக்குத் தெரிகின்றன. சாயக்காரர் கையிலிருந்து லைக்கனை விடுவித்ததும் நிலக்கரிதான்; நகரங்களில் அதை அழித்ததும் நிலக்கரிதான். இக்கட்டுரை அந்த முரணைத் தொடர்ந்து செல்ல முயல்கிறது.

முதலில் உயிரியைப் பற்றிச் சிறிது. பேச்சுவழக்கில் இதைப் பாசி என்றாலும் லைக்கன் முழுப் பாசியன்று. பூஞ்சை வீடு கட்டித் தர, அதனுள் ஆல்காவோ நீலப்பச்சை பாக்டீரியாவோ குடியிருந்து உணவு தயாரிக்கும் கூட்டு வாழ்க்கை அது. இந்த இரட்டைத் தன்மையை 1860-களின் இறுதியில் சுவிட்சர்லாந்தின் சைமன் ஷ்வெண்டனர் எடுத்துச் சொன்னபோது, அக்காலத்து லைக்கன் அறிஞர்களில் பலர் சீறினார்கள். நம் ஆய்வுக்கு இன்றியமையாத பண்பு வேறொன்று: அதன் மெதுவான வளர்ச்சி. இலை வடிவ லைக்கன்கள் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் வளரும். பாறையோடு ஒட்டிய மேலோட்டு வகைகள் பலவும் ஒரு மில்லிமீட்டரைக்கூடத் தாண்டுவதில்லை. இந்தக் கணக்கை மறந்தால் லைக்கன் வணிகத்தின் போக்கு விளங்காது.

சாய லைக்கன்களுள் புகழ்பெற்றது ரொசெல்லா டிங்டோரியா. பறிக்கும்போது அதில் ஊதா நிறத்தின் சாயலே தெரியாது. அரைத்து, புளித்த சிறுநீரில் ஊறவைத்து, காற்றுப் படும்படி வாரக்கணக்கில் கிளறிக்கொண்டிருந்தால் கூழ் மெல்ல மெல்ல ஊதாவாகும். சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியாவும் காற்றின் ஆக்சிஜனும் லைக்கன் அமிலங்களிலிருந்து பிரியும் ஆர்சினாலை ஆர்சீன் என்ற சாயமாக மாற்றுகின்றன. இதன் வேதியியல் 1829-இல் பிரான்சின் ரோபிகே ஆர்சினாலைப் பிரித்தெடுத்த பிறகே துலங்கத் தொடங்கியது. தொழில் அதற்கு ஈராயிரம் ஆண்டு மூத்தது. கடற்சங்கிலிருந்து எடுத்த விலையுயர்ந்த ஊதாவைச் சிக்கனமாகப் பயன்படுத்த, துணியில் முதலில் லைக்கன் சாயம் ஏற்றும் வழக்கம் மத்தியதரைக் கடற்கரையில் பழைமையானது.

ரோமப் பேரரசோடு மங்கிய இத்தொழில், ஏறத்தாழ 1300-ஐ ஒட்டி இத்தாலியின் புளோரன்ஸில் மீண்டும் தழைத்தது. கிழக்கு மத்தியதரை நாடுகளுக்குச் சென்று திரும்பிய வணிகர் ஒருவர் அங்கே கற்ற செய்முறையைக் கொண்டுவந்தார் என்பது மரபுச் செய்தி. அவர் குடும்பம் சாயத்தின் பெயராலேயே ருசெல்லாய் என்று அழைக்கப்பட்டது. 1470 என்ற ஆண்டோடு சாந்தா மரியா நொவெல்லா தேவாலய முகப்பில் பொறிக்கப்பட்டிருக்கும் ஜொவான்னி ருசெல்லாயின் பெயரைப் படிப்பவர் எத்தனை பேருக்கு, அந்தச் செல்வத்தின் வேர் ஒரு லைக்கன் என்பது நினைவுக்கு வரும்?

தேவை பெருகப் பெருக வணிகம் கரை விட்டுக் கரை தாவியது. 1402-இல் கனேரித் தீவுகளைக் கைப்பற்றக் கிளம்பிய நார்மண்டிப் பிரபு பெத்தான்கூரை ஈர்த்த பொருள்களுள் இந்த லைக்கனும் ஒன்று என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். அங்கே இடுப்பில் கயிறு கட்டிச் செங்குத்துப் பாறைகளில் தொங்கியபடி அதைச் சுரண்டினார்கள். பிறகு கேப் வெர்டே, அங்கோலா, மொசாம்பிக், கலாபகோஸ் என்று பட்டியல் நீண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையும் அதில் சேர்ந்தது. புதிய கரைகளைத் தேடி ஓடியதற்கு, சுரண்டிய பாறை மீண்டும் மூட ஒரு தலைமுறைகூடப் போதாது என்பதும் முக்கியக் காரணம் என்பேன்.

இதற்குத் தெளிவான சான்று ஸ்காட்லாந்து. 1758-இல் கத்பர்ட் கார்டன் உள்நாட்டுப் பாறை லைக்கனிலிருந்து சாயம் எடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்று, தம் பெயரையொட்டி அதைக் ‘கட்பேர்’ என்றார். முதல் முயற்சி நொடித்துப்போக, 1777-இல் ஜார்ஜ் மக்கின்டாஷ் கிளாஸ்கோவில் ஆலையைத் தொடங்கினார். செய்முறை வெளியே போகாதிருக்க உயரமான மதில். உள்ளே கேலிக் மொழி மட்டுமே பேசும் மலைநாட்டுத் தொழிலாளர்கள். நகரத்து ஏழைகளின் வீடுகளில் காசு கொடுத்துச் சிறுநீர் வாங்கினார்கள். தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க, நம் ஊரில் பாலைச் சோதிப்பதுபோல, அடர்த்திமானியோடு ஆள் போனதுண்டு. சில பத்தாண்டுகளில் மலைநாட்டு லைக்கன் போதாமல், நார்வேயிலிருந்தும் சுவீடனிலிருந்தும் கப்பலில் வரவழைக்க வேண்டியதாயிற்று. ஓர் ஆலையின் பசியைப் பல நூற்றாண்டு வளர்ச்சியால்கூடத் தாங்க முடியவில்லை.

1856-இல் லண்டனில் வில்லியம் பெர்கின் என்ற பதினெட்டு வயது மாணவர், நிலக்கரித் தாரிலிருந்து கிடைத்த அனிலினைக் கொண்டு கொய்னா மருந்து செய்ய முயன்று, எதிர்பாராமல் ஊதாச் சாயம் ஒன்றைக் கண்டார். ஏறத்தாழ அதே காலத்தில் பிரான்சின் லியோன் நகரச் சாயக்காரர்கள் லைக்கனிலிருந்தே எளிதில் வெளுக்காத ‘பிரெஞ்சு ஊதா’வைச் செய்திருந்தார்கள். ஆனாலும் நிலக்கரித் தாருக்கு முன் லைக்கன் நிற்க முடியவில்லை. தார் டன் கணக்கில் குவிந்து கிடந்தது. லைக்கன் மில்லிமீட்டரில் வளர்ந்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் சாய வணிகம் ஒடுங்கியது. பாறைகளுக்கு அது விடுதலை.

வரலாறு இங்கேதான் திரும்புகிறது. பெர்கினின் கண்டுபிடிப்புக்கு மூன்றே ஆண்டுகள் கழித்து, 1859-இல், மான்செஸ்டர் தாவரங்களைப் பற்றி எழுதிய லியோ கிரின்டன், பழைய காடுகள் வெட்டப்பட்டதாலும் ஆலைப் புகையாலும் அவ்வட்டாரத்தில் லைக்கன்கள் குறைந்துவிட்டன என்று பதிவுசெய்தார். 1866-இல் பின்லாந்தைச் சேர்ந்த வில்லியம் நைலாண்டர், பாரிஸின் லக்சம்பர்க் பூங்கா மரங்களிலுள்ள லைக்கன்களைக் கணக்கெடுத்து, காற்றின் தூய்மையை அளக்கும் கருவி இவை என்றார். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு அதே பூங்காவில் அவை அற்றுப்போனதையும் அவரே எழுத நேர்ந்தது. 1866-இல் அவர் புகுத்திய இன்னொரு முறையும் இங்கே கவனிக்கத்தக்கது: சலவைத்தூள் கரைசலை ஒரு சொட்டு விட்டு லைக்கனை இனங்காண்பது. அப்போது சிவப்பவை பெரும்பாலும் சாயக்காரர்கள் தேடிய அதே வகை அமிலங்கள். பட்டறை அறிவு ஆய்வகத்துக்குள் நுழைந்த இடம் இது.

புகை ஏன் கொன்றது? லைக்கனுக்கு வேருமில்லை, மெழுகுத் தோலுமில்லை. மழையையும் பனியையும் உடல் முழுவதாலும் உறிஞ்சுகிறது. நிலக்கரிப் புகையின் கந்தக டை ஆக்சைடு அந்த நீரில் கரைந்து உள்ளே போய், ஆல்காவின் பச்சையத்தைச் சிதைக்கிறது. உணவு தருபவன் மடிந்தால் வீடு கட்டியவனும் பட்டினியில் சாகிறான். 1926-இல் ருட்கர் செர்னாண்டர் ஸ்டாக்ஹோமின் நடுப்பகுதியை ‘லைக்கன் பாலைவனம்’ என்றே குறித்தார். 1970-இல் ஹாக்ஸ்வொர்த்தும் ரோஸும், எந்த இனம் எந்த மரத்தில் இருக்கிறது என்பதைக் கொண்டு காற்றிலுள்ள கந்தக டை ஆக்சைடை மதிப்பிடும் அளவுகோலை வகுத்தார்கள். 1952 டிசம்பர்ப் புகைமூட்டத்தில் ஆயிரக்கணக்கானோரைப் பறிகொடுத்த லண்டன், 1956-இல் தூய காற்றுச் சட்டம் கண்டது. நிலக்கரி அடுப்புகள் அணைய அணைய, லைக்கன்கள் நகரத்து மரங்களுக்குத் திரும்பின. லக்சம்பர்க் பூங்காவுக்கும் திரும்பின. ஆனால் திரும்பியவை அனைத்தும் பழைய இனங்கள் அல்ல. வாகனங்களும் பண்ணைகளும் வெளியிடும் நைட்ரஜனை விரும்பும் மஞ்சள் நிறச் சாந்தோரியா போன்றவை பல இடங்களில் முந்திக்கொண்டன.

சாய வணிகம் முடிந்தாலும் லைக்கன் வணிகம் முடியவில்லை. செட்டிநாட்டுச் சமையலில் எண்ணெய் காய்ந்ததும் தாளிக்கும் கல்பாசியும் லைக்கன்தான். பார்மோட்ரீமா பெர்லேட்டம் என்பது அதன் அறிவியல் பெயர். சந்தைப் பொட்டலத்தில் அதனோடு வேறு பல இனங்களும் கலந்தே வருகின்றன. அதைப் பயிரிடுவோர் இல்லை. இமயமலையிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் மரப்பட்டையிலிருந்தும் பாறையிலிருந்தும் கையால் பிய்த்தெடுத்து மூட்டைகளாக இறக்குகிறார்கள். ஒரு பிடி கல்பாசி எடுத்த இடம் மறுபடி மூட, இன்றும் அதே மில்லிமீட்டர் கணக்குதான்.