தாய்க்காக வார்த்த வெண்கலம்



1939ஆம் ஆண்டில் சீன நாட்டின் ஹெனான் மாகாணத்தில், அன்யாங் நகரை அடுத்த ஒரு சிற்றூரில், நிலத்தைத் தோண்டிக்கொண்டிருந்த சிலருக்கு மண்ணின் ஆழத்தில் மாபெரும் வெண்கலக் கலம் ஒன்று தட்டுப்பட்டது. நான்கு கால்கள், பெட்டி போன்ற உடல், உயரம் 133 சென்டிமீட்டர், எடையோ ஏறத்தாழ 832 கிலோகிராம்! துண்டுகளாக்கி விற்றுவிடலாம் என்று கருதி அதை வாள்கொண்டு அறுக்க முயன்றனர் என்றும், வெண்கலம் இடங்கொடுக்கவில்லை என்றும் கூறுவர். அப்பொழுது ஜப்பானியப் படையெடுப்பின் காலம். அன்னியர் கைக்குப் போய்விடலாகாது என அஞ்சிய ஊரார் அதனை மீண்டும் மண்ணிலேயே புதைத்தனர். 1946இல்தான் அது மறுபடியும் வெளிவந்தது. இன்று பெய்ஜிங் நகரிலுள்ள சீன தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றது.

கலத்தின் உட்புறத்தில் மூன்றே எழுத்துக்கள் உள்ளன. அவை இறந்துபோன அரசி ஒருத்தியின் பெயரைக் குறிப்பன. மன்னன் ஒருவன் தன் தாயின் வழிபாட்டுக்காக இதனைச் செய்வித்தான் என்பது அறிஞர் கொள்கை. ஷாங் மரபினர் ஆண்ட காலம் அது. கி.மு. 1600 அளவில் தொடங்கிய அம்மரபின் கடைசித் தலைநகரம் அன்யாங். முன்னோருக்கு உணவும் மதுவும் படைத்து அவர்தம் அருளை வேண்டுவது அவ்வரசரின் தலையாய கடமை. அப்படையலுக்கான கலங்களே இவ்வெண்கலங்கள்.

இவற்றை எவ்வாறு வார்த்தனர்? வெண்கலம் என்றவுடன் நமக்குச் சோழர் காலத் திருமேனிகள் நினைவுக்கு வரும். அவை மெழுகில் உருச்செய்து, மேலே மண் பூசி, மெழுகை உருக்கி வடித்து வார்க்கப்பட்டவை. ஷாங் கம்மியர் கையாண்டதோ வேறு முறை. முதலில் களிமண்ணால் மாதிரி செய்வர். அதன்மேல் ஈரக் களிமண்ணை அப்பி, பல துண்டுகளாக அறுத்தெடுத்துச் சூளையில் சுடுவர். பின்னர் அத்துண்டுகளை உள்ளே ஒரு மண் கருவைச் சுற்றிப் பொருத்தி, இடைவெளியில் உருகிய உலோகத்தை ஊற்றுவர். இது குயவன் கலையிலிருந்து பிறந்த வார்ப்பு எனலாம். அச்சுத் துண்டுகள் கூடுமிடத்தில் தழும்பு விழுமல்லவா? அந்த இடத்தில் புடைத்த விளிம்புகளை அமைத்து, குறையையே அணியாக்கிவிட்டனர்! நான் மிகவும் வியப்பது இதனைத்தான்.

கலங்களின் புறத்தே விழித்த கண்களும் வளைந்த கொம்புகளும் கொண்ட விலங்கு முகம் ஒன்று நம்மை உற்று நோக்கும். பிற்காலத்தார் அதற்குத் ‘தாவோத்தியே’ எனப் பெயரிட்டனர். தெய்வமா, பலிவிலங்கா, வெறும் அணியா என்பதில் அறிஞர் இன்றும் உடன்படவில்லை. அருங்காட்சியகங்களில் நாம் காணும் பச்சை நிறம் மண்ணில் கிடந்து ஏறிய களிம்பு. வார்த்த நாளில் அவை பொன்போல் ஒளிர்ந்தன.

1976இல் அதே அன்யாங்கில், ஜெங் ஜென்ஷியாங் என்னும் பெண் ஆய்வாளர் தலைமையில் கள்வர் கை படாத கல்லறை ஒன்று திறக்கப்பட்டது. வூ திங் மன்னனின் அரசியருள் ஒருத்தியான ஃபூ ஹாவ் என்பாளின் கல்லறை அது. 460க்கும் மேற்பட்ட வெண்கலப் பொருள்களும், 750க்கும் மேற்பட்ட பச்சைக்கல் பொருள்களும், ஏறத்தாழ 7,000 சோழிகளும் அங்கே கிடைத்தன. ஆந்தை வடிவில் அமைந்த இரு மதுக்கலங்கள் அவற்றுள் தலைசிறந்தவை. போர்க்கோடரிகளும் இருந்தன, ஏனெனில் அவள் படைநடத்திய அரசி. ஆனால், மாணவர்களே, அவளுடன் பதினாறு மனிதர்களும் பலியாகப் புதைக்கப்பட்டிருந்தனர் என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அவர்களுடைய பெயர் எந்தக் கலத்திலும் இல்லை.

அக்கால மன்னர் ஆமையோட்டிலும் மாட்டெலும்பிலும் குறி கேட்டு, அதன் செய்தியை அவற்றிலேயே பொறித்துவைத்தனர். 1899 முதல் அறியப்பட்டுள்ள இவ்வெழுத்துக்களில் ஃபூ ஹாவின் பெயர் பலமுறை வருகின்றது. ஒன்றில், பதின்மூவாயிரம் வீரரைக் கொண்ட படையுடன் அவள் போருக்குச் செல்வது பற்றிக் குறி கேட்கப்படுகின்றது. வேறொன்றில் அவளுடைய மகப்பேறு நலமாக அமையுமா என்று மன்னன் கேட்கின்றான். முப்பத்தொரு நாள் கழித்து நிகழ்ந்ததும் அதன் கீழேயே பொறிக்கப்பட்டுள்ளது: மகப்பேறு நலமாக அமையவில்லையாம், பிறந்தது பெண் குழந்தையாம்.