திண்ணைப் பாண்டியும் திரைப் புதிரும்

தமிழர் விளையாட்டுகளின் வரலாறு பெரும்பாலும் ஏறு தழுவலிலிருந்தே தொடங்கப்படுகிறது. அதற்கு முல்லைக்கலி சான்றாக நிற்கிறது. ஆரவாரமற்ற ஆட்டங்களுக்கு அத்தகைய பேறு வாய்க்கவில்லை. சிலப்பதிகார வாழ்த்துக் காதையில் அம்மானையும் ஊசலும் இடம்பெறினும், அவை அங்குப் பாட்டின் வடிவங்களாகவே நிற்கின்றன.

பல்லாங்குழியை எடுத்துக்கொள்வோம். வரிசைக்கு ஏழாகப் பதினான்கு குழிகள். புளியங்கொட்டையோ சோழியோ கிடைத்தால் போதும். நான்கு சேர்ந்தால் ‘பசு’. இதில் இருவர் ஆடும் முறையை விடவும் எண்ணத்தக்கது, ஒருத்தி தனித்திருந்து ஆடும் சீதைப் பாண்டி. அசோகவனத்தில் சீதை ஆடியது என்பது மக்கள் வழக்கு. எதிராளியும் இல்லை, பந்தயமும் இல்லை. காய்களைப் பெய்து எடுத்து மீண்டும் பெய்வதே ஆட்டம். இதனைப் பொழுது வீணாக்கல் என ஒதுக்கியோர் பெரும்பாலும் திண்ணையில் சீட்டாடிய ஆடவரே என்பதையும் ஈண்டுக் குறிக்க வேண்டும்.

புதுச்சேரித் தமிழர் பகுதி வீடுகள் தெருவோரத் தாழ்வாரமும் திண்ணையுமாக அமைந்தவை. வைசியாள் வீதிச் சீரமைப்பு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுரிமை விருதைப் பெற்றது. முகப்புகளுக்குக் கிட்டிய அக்கறை திண்ணை ஆட்டங்களுக்கும் கிட்டியதாகச் சொல்வதற்கில்லை.

தனித்தாடும் அந்த மரபு பிறிதோரிடத்தில், பிறிதொரு வடிவில் தலைகாட்டியது. 1984இல் மாஸ்கோவில் அலெக்சி பாஜித்னவ் உருவாக்கிய டெட்ரிஸில் வீழ்த்தப்பட வேண்டிய பகைவன் எவனுமில்லை. ஆயினும் விரைவு உண்டு, பதற்றமும் உண்டு. பெருநிறுவனங்களைச் சாராத சிறு குழுவினர் பின்னர் அப்பதற்றத்தையும் களைந்து, மதிப்பெண்ணும் காலக்கெடுவும் இன்றி மனத்தை ஆற்றும் புதிர் விளையாட்டுகளைப் படைக்கலாயினர். அவ்வரிசையில் 2023 ஜூலை 31 அன்று வெளிவந்தது ‘வெண்பா’. கனடாவின் டொராண்டோ நகரில் இயங்கும் ‘விசை’ என்னும் சிறு நிறுவனத்தின் ஆக்கம் அது. 2024இல் பிரித்தானியாவின் பாஃப்டா அமைப்பு அதற்கு அறிமுகப் படைப்புக்கான விருதை அளித்தது.

1980களில் கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை இது. தாய் வெண்பா, தந்தை பாவலன், மகன் கவின். வெண்பா தன் தாயிடமிருந்து பெற்ற சமையற் குறிப்பேடு சிதைந்துள்ளது. எஞ்சிய சொற்களைக் கொண்டு விடுபட்டதை உய்த்துணர்ந்து சமைப்பதே ஆட்டம். இட்லித் தட்டுகளை ஆவி தடையின்றி மேலேறும் வண்ணம் அடுக்குவது முதற்புதிர். தவறினால் தண்டனையில்லை, மீண்டும் முயலலாம்.

விடுபட்டதை நிரப்பும் இவ்விளையாட்டு தமிழ்ப் புலவர்க்குப் புதிதன்று. ஈற்றடியைக் கொடுத்து வெண்பாவை முடிக்கச் சொல்லும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. கிடைத்த அடியைக் கொண்டு, தளை தட்டாமல் முன்னோக்கிச் செல்ல வேண்டும். 1908இல் புதுச்சேரிக்கு வந்த பாரதி, எட்டயபுரத்தில் இளைஞராயிருந்தபோது, இழிவுபடுத்தும் நோக்குடன் தரப்பட்ட ஈற்றடியைத் தந்தவர் மீதே திருப்பிப் பாடினார் என்பர். அது அவையில் நிகழ்ந்த போர். அடுக்களையிலும் அதே அறிவுதான் தொழிற்படுகிறது. அங்கு அவையோர் இல்லை என்பதே வேறுபாடு.

இக்கதை கனடாவுக்கே உரியதன்று. 1956இல் கையெழுத்தான இந்திய-பிரெஞ்சு உடன்படிக்கை 1962 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிவு செய்யப் புதுச்சேரியில் பிறந்தோர்க்கு ஆறு திங்கள் அவகாசம் இருந்தது. அவ்வாறு தெரிந்துகொண்டோர் பலரின் பேரக் குழந்தைகள் பிரான்சில் வளர்ந்தவர்கள். விடுமுறைக்கு வந்து பாட்டியின் குழம்பை விரும்பி உண்ணும் அப்பிள்ளைகளுள், அவள் எழுதிவைத்த குறிப்பை எழுத்துக்கூட்டவும் இயலாதவர் உண்டு.

விளையாட்டின் பிற்பகுதியில் அதே ஏடு வளர்ந்த கவினின் கைக்கு வருகிறது. தாய்க்குப் புதிராயிருந்தவை மை கலைந்த வரிகள் மட்டுமே. கவினுக்கோ தெளிவாயுள்ள வரிகளும் தடுமாற்றம் தருகின்றன. அடுப்பை மூட்டும் முன் அவன் ஒவ்வோர் எழுத்தாகப் படிக்க வேண்டியிருக்கிறது.