சைக்கிளில் கேமரா எடுத்துட்டுப் போறீங்களா? கேரியரில் மட்டும் வைக்காதீங்க... பாதுகாப்பான இடம் எது?

சென்னை பாடியில் இருந்து சைக்கிளை மிதித்தால் கொரட்டூர் ஏரியும் அம்பத்தூர் ஏரியும் பக்கம்தான். இன்னும் கொஞ்ச தூரம் போனால் ஆவடி பருத்திப்பட்டு ஏரி. வெயில் ஏறுவதற்குள் நாமக்கோழி, நீலத் தாழைக்கோழி என நாலு படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடலாம். ஆனால், இஎம்ஐ கட்டி வாங்கிய கேமராவை சைக்கிளில் எங்கே வைப்பது? தவறான இடத்தில் வைத்தால் கேமரா மட்டுமல்ல, ஓட்டுபவரும் சேர்ந்தே விழ வேண்டியிருக்கும்.

கேரியர் ஏன் வேண்டாம்?

பெரும்பாலான சைக்கிள்களில் பின் சக்கரத்துக்கு ஷாக் அப்சார்பர் கிடையாது. பள்ளமோ வேகத்தடையோ வந்தால், அந்த அதிர்ச்சி டயரில் இருந்து ஃப்ரேம் வழியாக நேராக கேரியருக்கு வந்துவிடும். கேமராவுக்குள் சின்னச் சின்ன ஸ்க்ரூக்கள், லென்ஸ் கண்ணாடிகள், ஃபோகஸ் மோட்டார் எல்லாம் இருக்கின்றன. தினமும் குலுங்கினால் இவை மெல்ல மெல்ல லூசாகும். முன்கூடையிலும் இதே கதைதான். அதோடு, ஹேண்டில்பாரில் எடை கூடினால் திருப்புவதும் சிரமம்.

அதிர்வு கேமராவை நிஜமாகவே பாதிக்குமா?

பாதிக்கும். செல்போன் கேமராவும் தப்பாது. 2021 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனமே இதைப் பற்றி எச்சரித்தது. அதிக சக்தி கொண்ட மோட்டார் சைக்கிள்களின் ஹேண்டில்பாரில் ஐபோனைப் பொருத்தினால், இன்ஜின் அதிர்வால் கேமராவின் தரம் குறையலாம் என்றது. கை நடுக்கத்தைச் சரிசெய்யும் ஸ்டெபிலைசேஷனும், ஆட்டோ ஃபோகஸும்தான் இதில் பாதிக்கப்படும் பாகங்கள். ஸ்கூட்டர், மொபெட்டில் பொருத்துபவர்கள் அதிர்வைக் குறைக்கும் மவுண்ட் பயன்படுத்த வேண்டும் என்றும் பரிந்துரைத்தது.

சைக்கிளில் இன்ஜின் இல்லைதான். ஆனால், குண்டும் குழியுமான ரோட்டின் குலுக்கலைத் தாங்க பல சைக்கிள்களில் ஸ்பிரிங்கும் இல்லை. அதனால் மேப் பார்க்க ஹேண்டில்பாரில் போன் மாட்டுபவர்களும் ரப்பர் தாங்கு உள்ள மவுண்ட் வாங்குவது நல்லது.

அப்படியானால் எங்கே வைப்பது?

உங்கள் உடம்பில்தான்! மனித உடம்பே ஒரு நல்ல ஷாக் அப்சார்பர். முழங்காலும் முழங்கையும் லேசாக மடங்கியிருந்தால், குலுக்கலில் ஒரு பகுதியை அவையே வாங்கிக்கொள்ளும். பள்ளம் வரும்போது சீட்டில் இருந்து கொஞ்சம் எழுந்து மிதித்தால் இன்னும் நல்லது.

* பேக்பேக்: இதுதான் முதல் சாய்ஸ். நெஞ்சுப் பட்டை, இடுப்புப் பட்டை இரண்டையும் மாட்டுங்கள். கேமரா பை இல்லையா? சாதாரண பையில் தடிமனான டவலைச் சுற்றி வைத்தாலே போதும். பைக்குள் கேமரா ஆடாமல் இருப்பதுதான் முக்கியம்.
* ஒரு பக்க ஷோல்டர் பேக்: திரும்பும்போது சரிந்து முன்னால் வந்துவிடும். பாடி மேம்பாலம் பக்கம் லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே போகும்போது, பை சரிந்து ஒரு விநாடி பேலன்ஸ் போனாலும் ஆபத்து. வேறு வழியில்லை என்றால் குறுக்காக மாட்டி, முதுகோடு ஒட்டும்படி இறுக்குங்கள்.
* கழுத்தில் தொங்கவிடுவது: கூடவே கூடாது. கேமரா ஆடி ஹேண்டில்பாரில் இடிக்கும். விழுந்தால் நெஞ்சிலோ முகத்திலோ குத்தும். பட்டை முன் சக்கரத்தில் சிக்கினால் சக்கரம் பூட்டிக்கொண்டு ஆளையே தூக்கி எறியும்.

டிரைபாடை முதுகுத்தண்டை ஒட்டி நெட்டுக்குத்தாக வைக்காதீங்க. விழுந்தால் அந்தக் கம்பி முதுகில்தான் அழுத்தும். குலுங்கினாலும் கெடாத பொருள் என்பதால் அதை கேரியரில் கட்டிக்கொள்ளலாம்.

பெரிய லென்ஸ் இருந்தால்?

பறவை படம் எடுக்கும் நீளமான ஜூம் லென்ஸைக் கழற்றித் தனியாக வையுங்கள். மாட்டியபடியே போனால் ஒவ்வொரு குலுக்கலிலும் லென்ஸின் எடை முழுக்க அது கேமராவோடு சேரும் வளையத்தை இழுக்கும். இரண்டு பக்கமும் மூடி போட மறக்காதீங்க.

மழையில் மாட்டிக்கொண்டால்?

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. பையின் ரெயின் கவரை மட்டும் நம்ப வேண்டாம். கேமராவை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, பிறகு பையில் வையுங்கள். முதுகு வியர்வையில் இருந்தும் அது காப்பாற்றும்.

தண்ணீர் உள்ளே போய்விட்டது என்று சந்தேகமா? 'ஆன்' செய்து பார்க்காதீங்க. பேட்டரியையும் மெமரி கார்டையும் எடுத்துவிட்டு, துடைத்து, சர்வீஸ் சென்டரில் காட்டுங்கள். ஈரப் பையிலேயே கேமராவை விட்டுவிட்டால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். வீட்டுக்கு வந்ததும் வெளியே எடுத்து உலர்த்தி, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு வைப்பது நல்லது.

திருடு போனால் என்ன செய்வது?

டீ குடிக்க நிறுத்தினாலும் பையைச் சைக்கிளில் விடாதீங்க. கேமராவின் சீரியல் நம்பரையும் பில்லையும் இன்றைக்கே போட்டோ எடுத்து வையுங்கள். புகார் கொடுக்கும்போது அது உங்கள் கேமராதான் என்பதற்கு அதுவே ஆதாரம். வழிப்பறி நடந்தால் 112-க்கு அழைக்கலாம். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், பறித்துச் செல்வது பிரிவு 304-ன் கீழ் தனிக் குற்றம். 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

கிளம்பும் முன் ஒரு நிமிட செக்

* கேமரா ஆஃப், லென்ஸ் மூடி போட்டாச்சா?
* பையைக் குலுக்கினால் உள்ளே சத்தம் வருகிறதா? வந்தால் இன்னொரு துணி வையுங்கள்.
* தொங்கும் பட்டைகளை எல்லாம் உள்ளே செருகியாச்சா?
* தலையில் ஹெல்மெட் இருக்கிறதா?

ஓட்டிக்கொண்டே படம் எடுப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். நல்ல காட்சி கண்ணில் பட்டால் ஓரமாக நிறுத்துங்கள், ஸ்டாண்ட் போடுங்கள், பிறகு பையைத் திறங்கள். கேமரா ரிப்பேர் ஆனால் சரிசெய்யலாம், உங்கள் கை கால் அப்படி இல்லை.