தாம்பரம் தெருவோர உணவுக் கடைகள்

சென்னையின் தென் புறநகரான தாம்பரத்தில் ரயில் நிலையம், பேருந்து நிறுத்தங்கள், சந்தையை ஒட்டி இயங்கும் தள்ளுவண்டிக் கடைகள். கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் 1931இல் ஓடத் தொடங்கியது. இன்றும் வண்டி வந்து கூட்டம் இறங்கும் நேரமே வியாபார நேரம். காலையில் இட்லி, பொங்கல். வெயிலில் கூழும் மோர்மிளகாயும். மாலையில் பஜ்ஜி, சுண்டல், பானிபூரி.

தனித்துச் சொல்ல வேண்டியது அத்தோ. 1960களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் வடசென்னையில் பரப்பிய உணவு, பின்னர் புறநகருக்கும் வந்தது. ஆரஞ்சு நிற நூடுல்ஸுடன் முட்டைக்கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், பூண்டு எண்ணெய், மிளகாய்த்தூள் சேர்த்துக் கையாலேயே பிசைந்து, மேலே பேஜோ என்னும் பொரித்த மொறுமொறு அடையை நொறுக்கிப் போடுவார்கள். தொட்டுக்கொள்ள அல்ல, இடையிடையே குடிக்க வாழைத்தண்டு சூப். அவித்த முட்டையைக் கீறி வறுத்த வெங்காயம் திணித்துத் தரும் முட்டை மசாலாவைத் தவறவிடக் கூடாது.

வாடிக்கையாளர் பெரும்பாலும் அக்கம்பக்கத்தார். "அண்ணா, காரம் கம்மியா" என்றால் போதும். பழகியவர்களுக்குக் கடன் கணக்கும் உண்டு.

இக்கடைக்காரர்களுக்கும் பொருந்தும் தெருவோர வியாபாரிகள் சட்டம் 2014இல் வந்தது. அதன்படி நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காட்டினர் வியாபாரிகளின் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும். இக்குழு அமைய வேண்டிய தாம்பரம் 2021இல் மாநகராட்சியானது.