மெய்வலியும் மலைவழியும்: மாதேஸ்வரன் மலையில் பிரசவ வலியை அறிதல்

நிறைமாதத்தில் ஒரு பெண் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், 'சூட்டு வலியா இருக்கும்' என்று சீரகக் கஷாயம் வைத்துக் கொடுப்பது நம் வீடுகளில் வழக்கம். குடித்துவிட்டுச் சற்றுப் படுத்தால் பொய்வலி அடங்கும், மெய்வலி ஏறும். இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. கர்ப்பகாலம் முழுவதும் கருப்பை அவ்வப்போது இறுகித் தளர்வதை 1872இல் ஆங்கிலேய மருத்துவர் ஜான் பிராக்ஸ்டன் ஹிக்ஸ் விவரித்தார். அந்த இறுக்கம் ஓய்வெடுத்தாலோ தண்ணீர் குடித்தாலோ தணிந்துவிடும் என்றுதான் இன்றைய மகப்பேறு மருத்துவமும் சொல்கிறது. கஷாயத்தில் வேலை செய்வது சீரகமா, வெந்நீரா, அரை மணி நேரப் படுக்கையா என்பது வேறு விஷயம். பாட்டி செய்தது ஒரு சோதனை. அதன் முறை, பொறுத்திருந்து பார்ப்பது. அப்படிப் பொறுத்திருக்க எல்லா ஊர்ப் பெண்ணுக்கும் நேரம் இருக்கிறதா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

அந்தக் கேள்வியைக் கேட்க ஓர் இடம், கர்நாடகத்தில் தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் மாதேஸ்வரன் மலை. அது அடங்கியிருந்த கொள்ளேகால் வட்டம் 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. பிறகு மைசூர் மாவட்டத்தோடு சேர்ந்தது. 1997இல் சாமராஜநகர் மாவட்டத்துக்குப் போனது. பாலாற்றைத் தாண்டினால் மேட்டூர்ப் பக்கம். சோலிகர், பேடகம்பணர், தமிழ் பேசுவோர் எனப் பலரும் வாழும் மலை இது. கன்னடத்தில் மருத்துவச்சிக்குச் 'சூலகித்தி' என்று பெயர். பிரசவ வலிக்கு 'ஹெரிகெ நோவு'. சூலும் நோவும் நம்முடைய சொற்களும்தான். மலைமேல் இருக்கும் மாதேஸ்வரன் கோயில்வரை நல்ல சாலை இருக்கிறது. காட்டுக்குள் இருக்கும் சிற்றூர்களின் கதை வேறு. 2013 முதல் இக்காடு வனவிலங்குச் சரணாலயம்.

2022 ஜூனில் தொட்டானெ என்ற ஊரிலிருந்து வலி கண்ட ஒரு பெண்ணை, யானை நடமாடும் காட்டுவழியில் ஏறக்குறைய 8 கி.மீ. தூரம் டோலி கட்டிச் சுமந்து சுள்வாடி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். செய்தித்தாள்கள் சாலை இல்லாத கொடுமையை எழுதின. சரிதான். ஆனால் டோலி கட்டுவதற்கு முன்பே அந்த மாதிரி வீடுகளில் ஒரு முடிவு எடுக்கப்படுகிறது: இது மெய்வலிதானா?

நகரத்து மருத்துவமனைகள் சொல்லும் கணக்கு எளிது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வலி, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், ஒரு மணி நேரமாக அப்படியே நீடித்தால் கிளம்பு. ஆட்டோ வாசலில் நிற்கும் தெருவுக்கு இது பொருந்தும். மலையில் அந்த ஒரு மணி நேரம் முடிந்த பிறகுதான் ஆள் திரட்ட வேண்டும், கம்பும் போர்வையும் தேட வேண்டும், தீப்பந்தமோ டார்ச்சோ எடுக்க வேண்டும். தலைச்சன் பிரசவமென்றால் ஒருவேளை நேரம் இருக்கும். இரண்டாவது, மூன்றாவது என்றால் வழியிலேயே பிறந்துவிடலாம்.

மருத்துவமும் இந்த இடத்தில் உறுதியாகப் பேசுவதில்லை. கருப்பை வாய் 5 செ.மீ. விரிந்த பிறகே பிரசவத்தின் வேகமான கட்டம் தொடங்குவதாக உலக சுகாதார நிறுவனம் 2018இல் வரையறுத்தது. அதற்கு முந்தைய கட்டம் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதற்கு நிலையான அளவு இல்லை, ஆளுக்கு ஆள் பெரிதும் மாறும் என்றும் அதே வழிகாட்டி சொல்கிறது. மருத்துவரே அளவு சொல்ல முடியாத கட்டத்தில், மலைக்குடிசையில் ஒரு மாமியார் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தாய்மார் இறப்புக்கு மூன்று தாமதங்கள் காரணம் என்று தாடியஸ், மெய்ன் என்ற ஆய்வாளர்கள் 1994இல் எழுதினார்கள்: முடிவெடுப்பதில், போய்ச் சேர்வதில், சேர்ந்த பின் சிகிச்சை கிடைப்பதில். முதல் தாமதத்தைப் பலர் அறியாமை என்றே படிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எட்டுப் பேரை நள்ளிரவில் எழுப்பி, யானைக்காட்டில் தன்னைச் சுமக்கவைத்து, 'பொய்வலி, வீட்டுக்குப் போ' என்று திருப்பி அனுப்பப்பட்ட பெண் அடுத்த முறை வலி வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பாள். அவளுக்கு அறிகுறி தெரியாமலில்லை. ஊரைத் தொந்தரவு செய்தோமே என்ற கூச்சம் வாயை அடைக்கிறது. தூரம் இரண்டாவது தாமதத்தில் மட்டும் இல்லை. முதல் தாமதத்துக்குள்ளேயே புகுந்து உட்கார்ந்திருக்கிறது.

ஆகவே மலையில் 'மெய்வலியா' என்று முடிவு செய்துவிட்டுக் கிளம்பச் சொல்வது தவறான அறிவுரை. சில அறிகுறிகளுக்கு வலியே தேவையில்லை. பனிக்குடம் உடைந்து நீர் வடிந்தால், அதுவும் பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால், உடனே கிளம்ப வேண்டும். சிவப்பு இரத்தம் போனாலும், குழந்தையின் அசைவு குறைந்தாலும், தலைவலியோடு கண் மங்கினாலும் அப்படித்தான். இரத்தக்கோடு ஓடிய கெட்டிச் சளி வெளிப்படுவது வேறு: நகரத்தில் அது இன்னும் நாள் இருக்கலாம் என்ற குறிப்பு, மலையில் கிளம்புவதற்கான குறிப்பு.

அதைவிட நல்லது, வலி வருவதற்கு முன்பே இறங்கி வந்திருப்பது. எல்லைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டின் மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்கள் சிலவற்றில் பிரசவ காத்திருப்பு அறைகள் இருக்கின்றன. அங்கே பொய்வலிக்கு எட்டுப் பேர் தோள் கொடுக்க வேண்டாம். செவிலி வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார், யாருக்கும் கூச்சமில்லை. ஆனால் அறை கட்டினால் மட்டும் பெண்கள் வந்துவிட மாட்டார்கள். பத்து நாள் முன்னதாக வருபவளோடு அவள் அம்மா வருவாள், இடுப்பில் மூத்த குழந்தை வரும். அவர்களுக்குப் பாயும் களியும் அங்கே கிடைக்க வேண்டும். வீட்டில் விட்டுவந்த ஆடுகளை யார் பார்ப்பது என்ற பேச்சையும் அவள் கிளம்புவதற்கு முன்பே ஊர்ச் சுகாதாரப் பணியாளரான ஆஷா அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசி முடித்திருக்க வேண்டும்.