வயிற்றைக் கேட்டு மீன் வாங்குங்கள்

வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்து வண்ணத்துப்பூச்சி மீன் வளர்க்கிறவர்கள், "நல்லா இருந்த மீன் ஒரே மாசத்துல மெலிஞ்சு செத்துப்போச்சுங்க, தண்ணியில என்ன கோளாறு?" என்று கேட்பதுண்டு. பல சமயம் கோளாறு தண்ணீரில் இல்லை, மீனைத் தேர்ந்தெடுத்ததில்தான். இரண்டு மீன்களின் கதையைச் சொன்னால் விளங்கும்.

1761-ல் டென்மார்க்கிலிருந்து அரபு நாட்டுக்கு ஓர் ஆராய்ச்சிக் குழு புறப்பட்டது. அதிலிருந்தவர் ஃபோர்ஸ்கால், லின்னேயஸின் மாணவர். செங்கடல் மீன்களின் தோலை உரித்து, இலையைப் பாடம் செய்வது போல் அழுத்திக் காய வைத்துத் தாளில் ஒட்டினார். அந்தத் தாள்கள் பல இன்றும் கோபன்ஹேகனில் இருக்கின்றன. மனுஷர்தான் திரும்பவில்லை. 1763-ல் ஏமனில் மலேரியா கண்டு இறந்தார்; வயது 31. கூடப் போன நீபூர் அவருடைய குறிப்புகளை 1775-ல் அச்சிட்டார். கீட்டோடான் ஆரிகா என்ற மீன் அதில்தான் பெயர் பெற்றது. வெள்ளை உடம்பில் சாய்கோடுகள், பின்பக்கம் மஞ்சள், முதுகுத் துடுப்பில் நூல் மாதிரி ஓர் இழை.

இன்னொருவர் மங்கோ பார்க். ஆப்பிரிக்காவில் நைஜர் நதியைத் தேடிப் போனாரே, அவரேதான். அதற்கு முன்னால், 1793-ல், கப்பலில் துணை வைத்தியராகச் சுமத்ரா போனார். அங்கே கண்ட எட்டு மீன்களைப் பற்றிய அவர் கட்டுரை 1797-ல் வெளிவந்தது. கீட்டோடான் டிரைஃபேசியேட்டஸ் அதில் ஒன்று. அழகில் ஆரிகாவைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

இருவரும் துடுப்பையும் கோட்டையும் எழுதி வைத்தார்கள். உயிரோடு மேய்வதைக் கூடவே இருந்து பார்க்க அன்று வழி ஏது? 1854-ல் காஸ் என்ற ஆங்கிலேயர் 'அக்வேரியம்' என்று புத்தகம் போட்டு, கண்ணாடித் தொட்டியை வீட்டுக்கு வீடு பரப்பினார். ஆனால் அதில் விட்டதெல்லாம் குளிர்கடல் பிராணிகள். பவளப்பாறை மீன்களின் மேய்ச்சலை மூழ்கிப் பார்த்து விவரமாக எழுதியது பெரும்பாலும் 1970-க்குப் பிறகுதான்.

பார்த்தால், டிரைஃபேசியேட்டஸுக்கு உயிருள்ள பவளப்பூச்சிதான் ஆகாரம். பட்டுப்புழுவுக்கு மல்பெரி இலை மாதிரிதானுங்க. இறால் துண்டை முன்னால் போட்டாலும் அநேகமாகப் பட்டினிதான் கிடக்கும். ஆரிகா அப்படியில்லை, புழு, சிறு கணுக்காலிகள், பாசி என்று கலந்து தின்னும். பழக்கினால் இறாலும் எடுக்கும்.

மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம், இல்லீங்களா? மீன் கடையிலும் உங்கள் கண்ணெதிரே இரை போடச் சொல்லுங்கள். கொத்தித் தின்றால் விலை பேசலாம். தலைக்குப் பின்னால் சதை வற்றியிருந்தால் ஆரிகாவானாலும் வேண்டாம். அது 20 சென்டிமீட்டர் வரை வளரும். 400 லிட்டருக்குக் குறையாத, சில மாதம் பழகிய தொட்டி வேண்டும். கடல் சாமந்தி வளர்க்கிற தொட்டியில் மட்டும் விட்டுவிடாதீர்கள், அதையும் கொத்தித் தின்றுவிடும்.