ஓய்வு கேட்ட கிழவரும் ஒரு சின்ன மெட்டும்

1651 ஜனவரி. ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரத்தில் 65 வயது மனுசன் ஒருவர் தன்னுடைய ஆட்சியாளருக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதுகிறார். பிறந்த கதை, படித்த கதை, இத்தாலிக்குப் போன கதை, அரண்மனையில் வேலை பார்த்த கதை எல்லாம் அதில் இருக்கு. கடைசியில் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: வயது போய்விட்டது, கண்ணும் உடம்பும் தளர்ந்துவிட்டது, இனி என்னை வேலையிலிருந்து விட்டுவிடுங்கள்.

அந்தக் கடிதத்தில் இன்னொரு சின்னக் கதையும் வரும். வேறொரு ஊரில் பாட்டு மாஸ்டராக இருந்த வயதான ஒருவர் இவருக்குத் தன் துயரத்தை எழுதியிருந்தாராம். அந்த ஊர் நகரசபையில் புதிதாக வந்த இளம் உறுப்பினர்களுக்கு அவருடைய பழைய பாணி இசை பிடிக்கவில்லை, எப்படா இவர் போவார் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கும் அது நடக்க முதல் நானே விலகிக்கொள்கிறேன் என்பதுதான் நம்மவருடைய கதை.

அவர் பெயர் ஹைன்ரிக் ஷூட்ஸ். பாஹ் பிறப்பதற்குச் சரியாக 100 வருடம் முதல், 1585இல் பிறந்தவர். சக்சனி அரண்மனைப் பாடகர் குழுவுக்கும் இசைக்குழுவுக்கும் தலைவர். ஜெர்மன் தேவாலய இசை என்று கதைக்கத் தொடங்கினால் பாஹுக்கு முந்திய பெரிய ஆள் இவர்தான். ஆனால் இந்தக் கட்டுரை அவருடைய பெரிய படைப்புகளைப் பற்றியது மட்டுமில்லை. சாதாரண சனம் சபையில் பாடுவதற்கென்று அவர் எழுதிய சின்ன மெட்டுகளைப் பற்றியும்தான்.

சத்திரத்தில் பாடிய பொடியன்

ஷூட்ஸின் தகப்பன் வைசன்ஃபெல்ஸ் என்ற ஊரில் சத்திரம் நடத்தியவர். 1598இல் ஹெஸ்ஸ-காசல் நாட்டின் ஆட்சியாளர் மோரிட்ஸ் அந்தச் சத்திரத்தில் ஓரிரவு தங்கினார். அங்கே பொடியன் ஒருவன் பாடுவதைக் கேட்டார். அடுத்த வருடமே அவனைத் தன் அரண்மனைப் பாடகர் குழுவுக்கும் பள்ளிக்கும் கூப்பிட்டுக்கொண்டார். தாய் தகப்பனுக்கு மகன் சட்டம் படிக்கவேண்டும் என்று ஆசை. அவனும் படிக்கத் தொடங்கினான். பிறகு அதே மோரிட்ஸ்தான் காசு கொடுத்து 1609இல் அவனை வெனிசுக்கு அனுப்பினார்.

அப்போது வெனிசில் இருந்தவர் ஜொவான்னி கப்ரியேலி. தேவாலயத்தின் இந்தப் பக்கம் ஒரு பாடகர் குழு, அந்தப் பக்கம் இன்னொன்று. ஒன்று கேட்க மற்றது பதில் சொல்லும், பிறகு எல்லாம் சேர்ந்து முழங்கும். கப்ரியேலி 1612இல் சாகும்வரை ஷூட்ஸ் அவரிடம் படித்தார். ஜெர்மனிக்குத் திரும்பி, ட்ரெஸ்டன் அரண்மனைக்கு வேலைக்கு வந்து, 1619இல் வெளியிட்ட 'தாவீதின் சங்கீதங்கள்' தொகுப்பு முழுக்க அந்த வெனிஸ் முழக்கம்தான். பல குழுக்கள், பித்தளைக் குழல்கள், ஓர்கன்.

அதே வருடம் கலியாணமும் நடந்தது. ஆறு வருடம்தான். 1625இல் மனைவி மக்டலேனா இறந்துபோனார். இரண்டு சின்னப் பெண்பிள்ளைகள். ஷூட்ஸ் அதற்குப் பிறகு கலியாணம் செய்யவே இல்லை.

சபைக்கான சங்கீதம்

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். லூத்தரின் சீர்திருத்தம் கொண்டுவந்த பெரிய மாற்றங்களில் ஒன்று, பாட்டைக் குருமாரின் கையிலிருந்தும் லத்தீனிலிருந்தும் எடுத்துச் சனத்தின் வாயில் வைத்தது. ஜெனிவாவில் கல்வின் வழி வந்த சபைகள் 150 சங்கீதங்களையும் செய்யுளாக்கிப் பாடின. அந்த ஜெனிவா மெட்டுகளுக்கு லோப்வாசர் என்பவர் ஜெர்மன் வரிகள் எழுதி 1573இல் வெளியிட்டார். அது லூத்தரன் வீடுகளுக்குள்ளும் பரவத் தொடங்கியது. இது சரிவராது என்று நினைத்த லைப்சிக் இறையியலாளர் கொர்னேலியுஸ் பெக்கர், 1602இல் லூத்தரன்களுக்கென்று சங்கீதங்களைச் செய்யுளாக்கினார். சபைப் போட்டியில் பிறந்த புத்தகம் என்றே சொல்லலாம். பெக்கர் எழுதியது வரிகள் மட்டும். ஏற்கனவே தெரிந்த மெட்டுகளில் பாடிக்கொள்ளலாம் என்பது அவர் எண்ணம்.

ஷூட்ஸிடம் அரண்மனைப் பாடகர் சிறுவர்கள் வளர்ந்தார்கள். அவர்கள் காலையும் மாலையும் செபத்தில் பாடுவதற்கென்று பெக்கரின் வரிகளுக்குச் சில மெட்டுகள் போட்டுக்கொடுத்திருந்தார். அவ்வளவுதான் முதலில் இருந்த நோக்கம். மனைவி இறந்த பிறகு வேறு பெரிய வேலை எதிலும் மனம் போகவில்லை. அந்தச் சங்கீதங்களுக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிட்டார். 1628இல் புத்தகம் வெளிவந்தபோது அதில் 92 புதிய மெட்டுகள் இருந்தன. தன் துக்கத்துக்கு ஆறுதலாக இருந்தது இந்த வேலைதான் என்று அவரே முன்னுரையில் சொல்கிறார்.

மெட்டுகள் எப்படியானவை? நாலு குரல். மெட்டு மேல் குரலில். மற்ற மூன்று குரலும் அதே சொல்லை அதே நேரத்தில் சொல்லும். ஒரு குழு கேட்க மறுகுழு பதில் சொல்வது கிடையாது. ஒரு சரணத்துக்குப் போட்ட மெட்டு எல்லாச் சரணத்துக்கும். சங்கீதம் படித்த ஆக்கள் நாலு குரலாகப் பாடலாம், மற்றவர்கள் மேல் குரலைப் பிடித்துக்கொள்ளலாம். வெனிசில் படித்த மனுசன் வேண்டுமென்றே கையைக் கட்டிக்கொண்டு எழுதியது மாதிரி இருக்கும். கவனித்துக் கேட்டால்தான் விளங்கும்: சொல்லின் அழுத்தம் எங்கே விழுகிறதோ அங்கே இசையும் விழும். அதனால் சில மெட்டுகளில் தாளம் ஒரே சீராக இராது, பேச்சு மாதிரி நீண்டு குறுகும்.

போர்

1618இல் தொடங்கிய முப்பதாண்டுப் போர் 1631இல் சக்சனியையும் இழுத்துக்கொண்டது. முதலில் நின்றது சம்பளம். பிறகு பாடகர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். சிலர் வேறு வேலை தேடிப் போனார்கள், சிலர் செத்துப்போனார்கள், புதிதாக ஆக்களை எடுக்கக் காசில்லை. பல குழுக்களுக்கு எழுதிப் பழகிய கை இப்போது யாருக்கு எழுதுவது?

1636இலும் 1639இலும் அவர் வெளியிட்ட 'சின்னத் தேவ இசைகள்' இதற்கான பதில். ஒரு குரலுக்கு ஒன்று, இரண்டு குரலுக்கு ஒன்று, கூடினால் ஐந்து குரல். பக்கத்தில் ஓர்கன் மட்டும். இருக்கிற ஆக்களை எண்ணிப் பார்த்து எழுதிய இசை அது. இன்று கேட்கிறவர்களுக்கு அந்த வெறுமைதான் அதன் அழகு. எழுதியவருக்கு அது அழகு இல்லை, வேறு வழி இல்லாமை. போர் இசையை என்ன செய்தது என்று முன்னுரையில் அவரே புலம்புகிறார்.

இடையில் அவர் டென்மார்க்குக்கும் போய் வேலை பார்த்தார். 1634இல் டென்மார்க் இளவரசருக்கும் சக்சனி ஆட்சியாளரின் மகளுக்கும் கோபன்ஹேகனில் கலியாணம், அதற்கு இசை ஷூட்ஸ். அப்போதைய டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியானை எங்கள் வரலாற்றிலும் பார்க்கலாம். 1618இல் அவர் அனுப்பிய கப்பல்கள் 1620இல் இலங்கைக்கு வந்து, கண்டி அரசரோடு பேசி, திருகோணமலையில் கால் ஊன்றப் பார்த்தன. அது சரிவரவில்லை. கடைசியில் தஞ்சை நாயக்கரிடம் அவர்களுக்குக் கிடைத்தது தரங்கம்பாடி. 1706இல் அந்தத் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்க், ட்ரெஸ்டனுக்குக் கிட்டத்தில் உள்ள புல்ஸ்னிட்ஸ் ஊர்க்காரர். ஜெர்மன் சபை மெட்டுகளுக்குத் தமிழ் வரிகள் போட்டுப் பாடும் வழக்கம் அந்த மிஷனோடுதான் வளர்ந்தது. நாங்கள் ஞானப்பாட்டு என்று பாடுகிற சிலதின் வேர் அந்தப் பக்கம் இருக்கு.

விடாத முதலாளி

1648இல் சமாதானம் வந்தது. அரண்மனை இசைக்குழு மட்டும் எழும்பவில்லை. 1651 கடிதத்துக்குச் சாதகமான பதில் இல்லை. திரும்பத் திரும்ப எழுதினார். தனக்காக மட்டுமில்லை, சம்பளம் கிடைக்காத பாடகர்களுக்காகவும் எழுதினார். நல்ல குரல் உள்ள பாஸ் பாடகர் ஒருவர் உடுப்பை அடகு வைத்துவிட்டு, படுக்கையும் இல்லாமல் வைக்கோலில் கிடக்கிறார் என்று ஒரு கடிதத்தில் சொல்கிறார். இப்படி இருப்பதைவிட ஏதாவது சின்ன ஊரில் ஓர்கன் வாசிக்கிறவராக இருந்திருக்கலாம் என்று சொல்லும் அளவுக்கு மனுசன் வெறுத்துப்போனார்.

1655இல் உயிரோடு இருந்த ஒரே மகளும் இறந்துபோனார். மூத்தவர் 1638இலேயே போயிருந்தார். 1656 ஒக்டோபரில் ஆட்சியாளர் யொஹான் கியோர்க் இறந்த பிறகுதான் ஷூட்ஸுக்கு விடுதலை. புது ஆட்சியாளர், அதாவது மகன், ஓய்வூதியம் கொடுத்து அனுப்பினார். 71 வயதைத் தாண்டிய ஷூட்ஸ், சிறுவயதில் வளர்ந்த வைசன்ஃபெல்ஸுக்கே போய், சகோதரியோடு இருந்தார். 1651இலேயே அங்கே வீடு வாங்கி வைத்திருந்தார். அந்த வீடு இப்போது அவருடைய நினைவு அருங்காட்சியகம்.

ஓய்வுக்குப் பிறகு

ஓய்வு என்றால் சும்மா இருக்கிறது என்று நினைக்கவேண்டாம். புது ஆட்சியாளர் அந்தப் பழைய சங்கீதப் புத்தகத்தை முழுமையாக்கித் தரச் சொன்னார். தேவாலயங்களிலும் பள்ளிகளிலும் பயன்படுத்தத்தான். ஷூட்ஸ் 150 சங்கீதங்களுக்கும் மெட்டு நிரப்பி, பழையதையும் திருத்தி, 1661இல் வெளியிட்டார். அதன் முன்னுரையில் ஒரு உண்மையையும் மறைக்காமல் சொல்கிறார்: மிஞ்சியிருக்கும் கொஞ்சக் காலத்தை, தொடங்கிப் பாதியில் விட்ட வேறு நுட்பமான படைப்புகளில் செலவழிக்கத்தான் தனக்கு விருப்பம் இருந்ததாம்.

எனக்கு இந்த இடம் பிடிக்கும். சபைக்காக எழுதுவது புனிதமான சேவை, அதில் எனக்கு அளவில்லாத ஆனந்தம் என்று எழுதியிருக்கலாம். எழுதவில்லை. விருப்பம் வேறு இடத்தில் இருந்தும் வேலையை ஒழுங்காகச் செய்து முடித்தார்.

தான் விரும்பியதையும் எழுதினார். கிறிஸ்து பிறப்பின் கதைக்கு எழுதிய இசையில் மேய்ப்பர்களுக்குப் புல்லாங்குழல், ஏரோதுக்கு எக்காளம், பிரதான ஆசாரியர்களுக்கு ட்ரொம்போன். 80 வயதை ஒட்டி லூக்கா, யோவான், மத்தேயு மூன்று நற்செய்திகளின் பாடுகளுக்கும் இசை எழுதினார். அவற்றில் ஒரு வாத்தியமும் கிடையாது. பாடுகளின் வாரத்தில் ட்ரெஸ்டன் தேவாலயத்தில் வாத்தியங்கள் மௌனமாக இருக்கும். கதை சொல்கிறவர் தனியே ஓதுவார், கூட்டம் கத்துமிடத்தில் பாடகர் குழு பாயும்.

காது மெல்ல மெல்லக் கேளாமல் போனது. 1670இல், ஹாம்பர்க்கில் இருந்த தன் மாணவர் கிறிஸ்டோஃப் பெர்ன்ஹார்டிடம் தன்னுடைய செத்தவீட்டுக்கு ஒரு பாட்டு எழுதித் தரச் சொன்னார். 119ஆம் சங்கீதத்தின் 54ஆம் வசனம். பரதேசியாய்த் தங்கியிருந்த வீட்டில் உம்முடைய கட்டளைகளே எனக்குப் பாட்டாக இருந்தன என்ற பொருள் வரும் வசனம்.

அதே 119ஆம் சங்கீதத்தைத்தான் தன் கடைசி வேலையாகவும் எடுத்தார். வேதாகமத்தில் மிக நீண்ட சங்கீதம், 176 வசனம், 22 பகுதி. இரண்டிரண்டு பகுதியாகச் சேர்த்து 11 பாடல்கள். இரண்டு குழுக்கள், எட்டுக் குரல்கள். இளவயதில் வெனிசில் கற்றதற்கு 86 வயதில் திரும்பிப் போயிருக்கிறார். 1671இல் முடித்தார். 1672 நவம்பர் 6இல் ட்ரெஸ்டனில் இறந்தார்.

எது மிஞ்சியது?

அவரை அடக்கம் செய்த பழைய ஃப்ரௌவன் தேவாலயத்தை 18ஆம் நூற்றாண்டில் இடித்துப் புதிதாகக் கட்டினார்கள். கல்லறை போன இடம் தெரியவில்லை. புதிதாகக் கட்டியதும் 1945 பெப்ரவரிக் குண்டுவீச்சில் இடிந்து விழுந்து, 2005இல்தான் மீண்டும் திறந்தது. பெர்ன்ஹார்ட் எழுதிய செத்தவீட்டுப் பாட்டு தொலைந்துவிட்டது. கடைசி வேலையான பெரிய 119ஆம் சங்கீதமும் ஏறத்தாழ அப்படித்தான். குரல்களுக்குத் தனித்தனியாக எழுதிய ஏடுகள் 1900ஐ ஒட்டிக் கூபன் என்ற ஊரில் கண்டெடுக்கப்பட்டு, பிறகு மறுபடியும் காணாமல் போய், 1970களில் திரும்பக் கிடைத்தன. இரண்டு குரல்களின் ஏடுகள் கிடைக்கவே இல்லை. வொல்ஃப்ராம் ஸ்டொய்டே என்ற ஆய்வாளர் அந்த இடைவெளியை நிரப்பி எழுதிய பிறகுதான் உலகம் அதைக் கேட்டது.

இன்னொரு 119 இருக்கு. பெக்கரின் வரிகளுக்குப் போட்ட அந்தச் சின்ன, நாலு குரல் மெட்டு. இன்றைய ஜெர்மன் புரட்டஸ்தாந்துப் பாட்டுப் புத்தகத்தில் 295ஆம் இலக்கம். ஞாயிற்றுக்கிழமை வயோதிபரும் பிள்ளைகளும் பாடுவார்கள். யார் போட்ட மெட்டு என்று தெரியாமலே பலர் பாடுவார்கள்.

இதை வைத்து எளிமையானதுதான் வாழும் என்று நீதி சொல்லிவிடமுடியாது. அவர் போட்ட சபை மெட்டுகளில் பெரும்பாலானவை புத்தகத்தோடு நின்றுவிட்டன. சனம் அவற்றைவிட யொஹான் குரூகரின் மெட்டுகளைத்தான் அதிகம் பாடியது. ஷூட்ஸின் மெட்டுகளில் தப்பியது ஒரு சில மட்டும். அவை தப்பியதற்குக் காரணம், சனத்தின் வாயில் இருந்ததுதான். பெரிய படைப்பு தப்பியதற்குக் காரணம், யாரோ ஒருவர் ஏடுகளை எறியாமல் வைத்திருந்ததுதான். பாட்டு மிஞ்ச இந்த இரண்டும் தேவை: பாடுகிற வாய், எறியாத கை.

உங்கட ஊர்த் தேவாலயத்திலும் ஒரு ஓய்வுபெற்ற பாட்டு மாஸ்டரோ ரீச்சரோ இருப்பார். இடம்பெயர்ந்த காலத்தில் இருந்த நாலு பேரை வைத்துப் பாட்டுப் பழக்கியவராக இருப்பார். அலுமாரிக்குள் ஒரு கொப்பி இருக்கும், தான் போட்ட மெட்டுகளை எழுதி வைத்திருப்பார். ஒருநாள் போய்க் கேளுங்கோ. ஃபோனில் படம் எடுத்து வையுங்கோ. இரண்டு குரல் காணாமல் போன பிறகு தேடுவது சரியான கஷ்டம்.